போர்ச்சுகல் ரெட் ஒயின்: தோலிலிருந்து தொடங்குங்கள்

போர்ச்சுகல்காரர்கள் ரெட் ஒயினை 'சிவப்பு ஒயின்' என்று சொல்வதில்லை. வீஞு தின்து என்கிறார்கள். வீஞு என்றால் ஒயின். அந்த ஞு நம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிற அதே ஞ வரிசைதான், அதனால் நமக்குச் சொல்லச் சிரமமே இல்லை. தின்து என்றால் சாயம் ஏறியது, சாயத்தில் தோய்ந்தது. பாதி விஷயம் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஒரு கருந்திராட்சையை நசுக்கிப் பாருங்கள், சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல்தான் வரும். நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. தோலைச் சாற்றோடு சேர்த்துப் பல நாள் ஊறவிட்டு நொதிக்க வைத்தால்தான் ரெட் ஒயின்; தோலை உடனே எடுத்துவிட்டால் அதே பழத்திலிருந்து வெள்ளை ஒயினே செய்துவிடலாம். ஊறும்போது நிறம் மட்டும் இறங்குவதில்லை, கூடவே துவர்ப்பும் இறங்குகிறது. 'ரெட் ஒயின் எனக்குப் பிடிக்காது, கசக்குது' என்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது கசப்பை இல்லை, இந்தத் துவர்ப்பைத்தான். ஒயின் புத்தகங்கள் டானின், டானின் என்று பக்கம் பக்கமாக விளக்குகிற சங்கதி இதுதான். அறுசுவையில் அதற்குத் தனியாக ஒரு இடம் கொடுத்து வைத்திருக்கிற மொழி நம்முடையது, ஆனாலும் ஒயின் என்று வந்ததும் நாமே அதைக் கசப்பு என்று சொல்லிவிடுகிறோம்.

அதனால் பாட்டில் வாங்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். டீத்தூளை வெந்நீரில் போட்டு பத்து நிமிஷம் மறந்துவிடுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். ஒரு வாய் எடுத்து வாய்க்குள் சுழற்றி விழுங்குங்கள். நாக்கின் பின்பக்கம் ஒரு சுவை நிற்கும், அது கசப்பு. ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் காய்ந்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வழுக்கல் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆகும், அது துவர்ப்பு. முதலாவது சுவை, இரண்டாவது தொடு உணர்ச்சி. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் போர்ச்சுகல் ரெட் ஒயினில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் அந்த நாட்டு ஒயின்களின் குணமே பெரும்பாலும் துவர்ப்பில்தான் இருக்கிறது.

ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள்

ஒரு பாட்டிலை மட்டும் திறந்து உட்கார்ந்தால் 'நல்லா இருக்கு' அல்லது 'நல்லா இல்லை' என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் கண்ணும் மூக்கும் தானாக வேலை செய்யும்: இது அதைவிடப் புளிப்பு, அது இதைவிடக் கனம் என்று. இரண்டு பேராகவோ நாலு பேராகவோ சேர்ந்து வாங்கினால் செலவும் பெரிதாகத் தெரியாது. போர்ச்சுகல் சூப்பர் மார்க்கெட்டில் 5 முதல் 8 யூரோவுக்குள் இந்தப் பயிற்சிக்கு வேண்டிய பாட்டில் கிடைத்துவிடும். வெளிநாடுகளில் வரியைப் பொறுத்து விலை ஏறும்.

முதல் ஜோடியாக நான் சொல்வது ஒரு அலென்டேஜோ, ஒரு டாவ். அலென்டேஜோ நாட்டின் தெற்கே, பரந்த வெயில் பூமி, கார்க் மரங்களும் கோதுமை வயல்களும் ஆலிவ் தோப்புகளுமாக நீண்டு கிடக்கும். பழம் அங்கே முழுசாகப் பழுத்துவிடும், அதனால் ஒயினும் கனிந்து, உருண்டு, ஆல்கஹால் கொஞ்சம் தூக்கலாக வரும். டாவ் வடக்கே, விசேயு நகரத்தைச் சுற்றி, நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிரானைட் மேட்டு நிலம். 400, 500 மீட்டர் உயரத்தில் இரவு நேரம் குளிர்ந்துவிடும், பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும். இரண்டும் ஒரே நாடு, நிறைய இடத்தில் அதே திராட்சை வகைகள். ஆனால் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் ஒன்று உரக்கப் பேசும், மற்றது தணிந்த குரலில் பேசும்.

அடுத்த ஜோடிக்கு டோரோவும் பைராடாவும், இவையும் பகுதிப் பெயர்கள்தான். பைராடாவை முதலில் திறந்து வாயைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, கடையில் போர்ட் ஒயினும் அதே வரிசையில் நிற்கும், அதுவும் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்ததுதான், ஆனால் அது வேறு ஜாதி. நொதித்து முடிவதற்குள் பிராந்தி சேர்த்து நிறுத்திவிடுவார்கள், அதனால் சர்க்கரை மிஞ்சி இனிப்பாக, 20 சதவீத ஆல்கஹாலை ஒட்டி இருக்கும். லேபிளில் போர்ட்டோ என்று இருந்தால் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம். டோரோ, தின்து என்று இருந்தால் எடுங்கள்.

லேபிளில் எதைப் பார்ப்பது

பிரெஞ்சு லேபிள் அளவுக்கு மிரட்டாது. டிஓசி என்று இருந்தால் குறிப்பிட்ட பகுதியின் விதிகளுக்குள் செய்தது. வீஞு ரெஜியொனால் என்றால் பரந்த பகுதி, தளர்ந்த விதி, தரம் குறைவு என்று அர்த்தமில்லை. அலென்டேஜோவில் பல நல்ல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே இதில்தான் இருக்கிறார்கள். கிண்டா, எர்டாடே இரண்டும் தோட்டம், பண்ணை என்கிற பொருளில் வருவது. ரிசெர்வா என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், சாதாரணத்தைவிட ஒரு படி மேல் என்பதற்கு மேல் அதில் பெரிய ரகசியமில்லை. கராஃபெய்ரா என்று பார்த்தால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள்: ரெட் ஒயினில் அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் குறைந்தது 30 மாதம் முதிர்த்திருக்க வேண்டும், அதில் 12 மாதம் பாட்டிலுக்குள். அவசரப்படாத ஒருவர் செய்தது என்று அர்த்தம்.

வீஞாஸ் வெல்யாஸ், அதாவது பழைய கொடிகள். டோரோவில் இதைப் பார்த்தால் எனக்கு ஒரு ஆசை வந்துவிடும். பழைய தோட்டங்களில் இருபது, முப்பது வகைத் திராட்சையைக் கலந்தே நட்டிருப்பார்கள். ஒன்று பூஞ்சையில் போனால் இன்னொன்று பிழைக்கும் என்கிற விவசாயிக் கணக்கு அது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து ஒன்றாகவே நொதிக்க விடுவார்கள். எந்தக் கொடி எந்த வகை என்று தோட்டக்காரரே தலையைச் சொறிகிற இடங்கள் உண்டு.

திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அந்தச் சின்ன நாட்டில் 250-க்கும் மேற்பட்ட சொந்த வகைகள் இருக்கின்றன, போதாததற்கு ஒரே வகைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். டோரோவில் டிண்டா ரோரிஸ் என்பதும், அலென்டேஜோவில் அரகோனெஸ் என்பதும், ஸ்பெயினில் டெம்ப்ரனில்லோ என்பதும் ஒன்றேதான். தொடங்குவதற்கு டூரிகா நசியோனல், டிண்டா ரோரிஸ், பாகா, அலிகாண்டே பூஷே, காஸ்தெலாவ் என்று ஐந்து பெயர் தெரிந்தால் போதும். பெரும்பாலான பாட்டில்கள் கலவைதான், அது கலப்படம் இல்லை, அந்த ஊர் சமையல் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது ஹீட்டர் இல்லாத பழைய ஐரோப்பிய வீட்டு அறையை வைத்துச் சொன்னது. கனமான ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி, லேசானதற்கு 14 டிகிரி கூடப் போதும். 28 டிகிரி அறையில் நின்ற பாட்டிலை அப்படியே திறந்தால் என்ன ஆகும் என்பதை நான் லிஸ்பனில் ஒரு ஜூலை மதியம் தெரிந்துகொண்டேன். சின்ன ஓட்டல், வெயில் விழுகிற அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினார்கள், கைக்குக் கிளாஸே வெதுவெதுப்பாக இருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் ஸ்பிரிட் வாசம்தான், பழத்தைக் காணோம். ஐஸ் வாளி கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன். பரிமாறியவர் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரும் ஐஸும் கலந்த வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷம் கழித்து அதே பாட்டிலிலிருந்து ஊற்றியது வேறு ஒயின் மாதிரி இருந்தது.

அதனால் திறப்பதற்கு முப்பது, நாற்பது நிமிஷம் முன் ஃபிரிட்ஜில் வையுங்கள். அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டால் வாசம் மூடிக்கொள்ளும், துவர்ப்பு கரகரவென்று மேலே வரும். கிளாஸை உள்ளங்கையில் ஐந்து நிமிஷம் பிடித்தால் சரியாகிவிடும். ஜில்லென்று இருப்பதைச் சூடாக்குவது சுலபம், சூடானதைக் குளிர்விக்கத்தான் ஓட வேண்டியிருக்கும்.

கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயிறு அகன்று வாய் குறுகினது எதுவானாலும் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். அன்றைக்கு சென்ட் போட வேண்டாம், ஊதுவத்தியும் வேண்டாம்.

திறந்ததும்

உலகில் உற்பத்தியாகிற கார்க்கில் கிட்டத்தட்ட பாதி போர்ச்சுகலில் இருந்துதான் வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரித்து எடுக்கிறார்கள். கன்று வளர்ந்து முதல் முறை உரிக்கவே சுமார் 25 வருஷம், அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை. பாட்டில் மூடிக்கு லாயக்கான பட்டை மூன்றாவது உரிப்பிலிருந்துதான் கிடைக்கும், கணக்குப் போட்டால் மரம் நட்டவர் நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உரித்த மரத்தின் மேல் அந்த வருஷத்தின் கடைசி எண்ணைப் பெயின்டில் எழுதி வைப்பார்கள். அலென்டேஜோ சாலையில் போகும்போது செம்பழுப்பு மரங்களில் வெள்ளையாக 3, 7 என்று தெரிந்தால் அதுதான்.

இவ்வளவு பாடுபட்டு வந்த கார்க்கும் சில சமயம் ஒயினைக் கெடுத்துவிடும். திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், பூட்டிக் கிடந்த நிலவறை வாசம் வந்தால், ஊறிய தோலின் வாசமோ பழ வாசமோ எதுவும் இல்லாமல் இருந்தால், அது கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்கிற ஒரு சேர்மத்தின் வேலை. குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் காற்றாடவிட்டாலும் போகாது. உணவகமானால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், அதற்காகத்தான் முதலில் உங்களுக்குக் கொஞ்சம் ஊற்றிக் காட்டுகிறார்கள்.

கண்

இதில் சீக்கிரம் நகர்ந்துவிடலாம். கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பிடித்து, நடுவில் இல்லாமல் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு, செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வயசாகிவிட்டது. கிளாஸின் சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி 'ஆஹா, தரமான ஒயின்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள், அது ஆல்கஹால் செய்கிற வேலைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலென்டேஜோ கிளாஸ் மை மாதிரி கருத்திருந்தால் அதில் அலிகாண்டே பூஷே இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மட்டுமில்லை, சதையும் சிவப்பாக இருக்கும் அபூர்வ வகை அது. பிரான்சில் உருவாகி, போர்ச்சுகலின் தெற்கு வெயிலில் வந்து பெரிய பெயர் வாங்கிவிட்டது.

மூக்கு

முதலில் சுழற்றாமல் முகருங்கள். பிறகு கிளாஸை மேஜையிலேயே வைத்து அடியைப் பிடித்து நாலு சுற்று சுற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள், அது போதும். 'பிளாக்பெர்ரி, புகையிலை, ஈரத்தோல், பென்சில் சீவல்' என்று பட்டியல் போடுகிற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது, பாதி பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். தேடிப் போகாமல் மூன்றே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பழம் எந்த நிலையில் இருக்கிறது: காய்ப்பருவமா, பறித்த பழமா, ஜாமா, உலர்ந்த பழமா? பழம் தவிர பூவோ இலையோ எதாவது வருகிறதா? மரம் வருகிறதா, அதாவது வனிலா, வறுத்த வாசம், கரி?

டாவ் கிளாஸில் பூ வாசம் வந்தால் அது டூரிகா நசியோனலாக இருக்கக்கூடும். வயலெட் பூ என்பார்கள். அந்தப் பூவை நான் அதிகம் பார்த்ததில்லை, எனக்கு அது ஏர்ல் கிரே டீயில் வருகிற பெர்கமட் என்கிற எலுமிச்சை இனப் பழத்தின் வாசமாகத்தான் பிடிபட்டது, அதையும் ஒயின்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். டாவ்தான் இந்தத் திராட்சையின் பிறந்த வீடு என்று அந்தப் பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள், டோரோக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டோரோ கிளாஸில் வேறொன்று வரும். மலைச்சரிவில் எஸ்டேவா என்று ஒரு புதர், பெரிய வெள்ளைப் பூ, இலையெல்லாம் பிசுபிசுவென்று பிசின், வெயிலில் அதன் வாசம் சரிவு முழுக்க ஏறி நிற்கும். அந்தப் பிசின் வாசத்தை உள்ளூர்க்காரர்கள் ஒயினிலும் கண்டுபிடிப்பார்கள். போர்ட்டோ நகரத்திலிருந்து ஆற்றையொட்டிப் போகிற ரயிலில் பிஞாவ் ஊர் வரை போய், ஸ்டேஷனில் இறங்கி (சுவரில் திராட்சை அறுவடையைக் காட்டும் நீலநிற ஓடுகள் பதித்திருக்கும், பாருங்கள்), கொஞ்சம் மேலே நடந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு வந்தால் அதற்கப்புறம் எந்த டோரோ பாட்டிலிலும் அது உங்களுக்குத் தட்டுப்படும். ரயிலைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மலைப்பாதை வளைவுகளில் ருசி பார்த்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது, அங்கே சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்தான்.

மரம் என்றதும் ஒன்று. நாம் சொல்கிற பீப்பாய், போர்ச்சுகீசியரின் பீபாதான், சாவியும் ஜன்னலும் வந்த வழியிலேயே வந்த சொல். டோரோவில் இன்னமும் பீபா கணக்குதான், ஒரு பீபா 550 லிட்டர். வனிலா வாசம் மட்டுமே வந்து பழத்தை மூடிவிட்டால் மரம் அளவுக்கு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். விலை கூடிய பாட்டில்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் பார்க்கிறேன்.

வாய்

ஒரு வாய் எடுங்கள், டீக்கு எடுப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக. உடனே விழுங்காமல் ஐந்தாறு வினாடி வாய்க்குள் எல்லாப் பக்கமும் போக விடுங்கள், உதடு லேசாகத் திறந்து காற்றை உள்ளே இழுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். பிறகு விழுங்கலாம், துப்பலாம். நாலு ஒயின் பார்க்கிற நாளில் துப்புவதுதான் நல்லது, இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு நாக்கு எல்லாவற்றையும் பாராட்ட ஆரம்பித்துவிடும். ஒரு ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

என்ன பார்ப்பது? புளிப்பு முதலில். தாடை ஓரங்களில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் அளவுகோல், டாவ் நிறைய ஊறவைக்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும். அடுத்து கனம்: தண்ணீர் மாதிரியா, பால் மாதிரியா? பிறகு துவர்ப்பு. அதன் அளவைவிட அது வாயில் படிகிற விதத்தைப் பாருங்கள். பட்டுத் துணி மாதிரி வழுக்கிப் படிகிற துவர்ப்பு உண்டு, உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது உண்டு, மாவு பூசினாற்போலப் படர்கிறதும் உண்டு. விழுங்கினபின் மனசுக்குள் எண்ணுங்கள், சுவை எத்தனை எண்ணும் வரை நிற்கிறது என்று. நாலைந்தில் மறைந்தால் சாதாரணம், பதினைந்து தாண்டினால் யாரோ கவனமாகச் செய்திருக்கிறார்கள்.

துவர்ப்பு மெத்தென்று வருவதற்கும் கரடாக வருவதற்கும் பழத்தின் பக்குவம் ஒரு காரணம், நசுக்குகிற விதம் இன்னொன்று. டோரோவில் லகார் என்று கிரானைட் தொட்டி இருக்கும், தொடை அளவுக்குப் பழத்தை நிரப்பி, ஆட்கள் தோளில் தோள் கோத்து வரிசையாக உள்ளே இறங்கி மிதிப்பார்கள். போர்ட் ஒயினுக்குத்தான் பெரும்பாலும், சாதாரண ரெட் ஒயினுக்கும் சில தோட்டங்களில் உண்டு. வேடிக்கைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், மனிதப் பாதம் தோலைப் பிழியும், விதையை உடைக்காது. விதை உடைந்தால்தான் கசப்பு.

டோரோவுக்கு வயசு அதிகம், அன்றைய அமைச்சர் மார்கேஸ் த பொம்பால் 1756-லேயே வரையறுக்கத் தொடங்கி, பிறகு எல்லைக்கல் நட்ட பகுதி. ஆனால் இரண்டு நூற்றாண்டு அங்கே பேச்செல்லாம் போர்ட் பற்றித்தான். ஃபெரெய்ரா நிறுவனத்தின் பெர்னாண்டோ நிக்கொலாவ் த அல்மெய்டா 1952-இல் பார்கா வெல்யா என்கிற இனிப்பில்லாத ரெட் ஒயினைச் செய்தபோது தோட்டத்தில் மின்சாரம் கிடையாது, நொதிக்கிற தொட்டியைக் குளிர்விக்கக் கடற்கரைப் பக்கமிருந்து ஐஸ் கட்டிகள் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் மனசுக்குப் பிடித்த வருஷங்களில் மட்டும்தான் அந்தப் பெயரில் பாட்டில் வரும். நாம் அதை வாங்கப் போவதில்லை, விலை அப்படி. ஆனால் நீங்கள் 8 யூரோவுக்கு எடுக்கிற டோரோ பாட்டிலுக்கு வழி போட்டது அதுதான்.

பைராடாவும் பன்றிக்குட்டியும்

இப்போது பைராடா. அட்லாண்டிக் கடலுக்குப் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்பும், பாகா என்கிற சின்னப் பழம், தடித்த தோல். முதல் முறை இளம் பாகாவைக் குடித்தபோது பல்லுக்குக் கம்பளி போர்த்தினாற்போல இருந்தது. புளிப்பும் சேர்ந்து முகம் கோணிவிட்டது. பாட்டில் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அதே பாட்டிலை மீல்யாடா ஊரில் ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார், தட்டில் லெய்டாவ். லெய்டாவ் என்றால் விறகு அடுப்பில் முழுசாக வாட்டிய பன்றிக்குட்டி, தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே கொழுப்பு, மிளகும் பூண்டும் அரைத்த மசாலா. அவர் செய்கிறதைப் பார்த்துச் செய்தேன்: ஒரு துண்டு தின்றுவிட்டு ஒரு வாய் ஒயின். துவர்ப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, பழம் மட்டும் நின்றது.

மாயமில்லை இது. துவர்ப்புப் பொருள் நம் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் காய்கிறது. பிடித்துக்கொள்ள இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயிலேயே கிடைத்துவிட்டால் எச்சிலை விட்டுவிடுகிறது. உப்பும் அதன் கரகரப்பை மட்டுப்படுத்தும். போர்ச்சுகல் ரெட் ஒயினை வெறும் வாயில் குடித்துவிட்டு மதிப்பெண் போடுவது அதற்குச் செய்கிற அநியாயம், அது சாப்பாட்டு மேஜைக்காகச் செய்தது. அந்த ஊரில் பக்கல்யாவ் என்கிற உப்புக் கருவாட்டு காட் மீனோடுகூட ரெட் ஒயின் குடிப்பார்கள், மீனுக்கு வெள்ளை என்கிற சட்டத்தை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சைவக்காரர்களுக்கு செர்ரா த எஸ்த்ரேலா பாலாடைக்கட்டி இருக்கிறது. செம்மறியாட்டுப் பாலை, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் என்கிற உறைபொருள் இல்லாமல், ஒரு முட்செடியின் பூவைப் போட்டு உறையவைப்பது, நடுவில் குழைந்து கரண்டியில் அள்ளுகிற பதம். டாவ் ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒரே மலைப்பக்கத்துப் பொருள்.

நீங்களே சோதியுங்கள்: ஒரு வாய் ஒயின், பிறகு கொழுப்புள்ள எதாவது ஒரு கடி, மறுபடி ஒரு வாய். மூன்றாவது வாயில் என்ன மாறியது என்று எழுதிவையுங்கள். எழுதுவது என்றால் பெரிதாக வேண்டாம். பகுதி, வருஷம், மூன்று வார்த்தை. 'டாவ் 2019, புளிப்பு, பூ, பட்டு' என்று எழுதினால் ஆறு மாசம் கழித்தும் ஞாபகம் வரும்.

மிச்சமானால் கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் கட்டாயம் ஒரு வாய் பாருங்கள். இளம் பாகாவும் இளம் டோரோவும் பல தடவை மறுநாள்தான் திறந்துகொள்ளும். அப்படியானால் அடுத்த பாட்டிலை ஒரு மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றிக் காற்றாட விடலாம். பத்து வருஷம் தாண்டின பாட்டிலானால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியபின் அசைக்காமல் ஊற்றுங்கள். வயசான ஒயினை ரொம்ப நேரம் காற்றில் வைக்க வேண்டாம், கையோடு வாசம் போய்விடும்.

இரண்டு ஜோடியும் முடிந்தபிறகு பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி, வேறு யாரையாவது ஊற்றச் சொல்லிக் கண்டுபிடிக்கப் பாருங்கள். தவறாகத்தான் சொல்வீர்கள், நான் இன்னமும் சூடான வருஷத்து டாவை டோரோ என்று சொல்லி மாட்டிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் மனமிருந்தால் இரண்டு வினோதங்கள். ஒன்று அலென்டேஜோவின் தல்யா ஒயின். ஆள் உயரத்துக்கு மண் தாழி, உட்பக்கம் பிசின் பூச்சு, ரோமானியர் காலத்து முறை. தோலும் சாறுமாக உள்ளே போட்டு, நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளன்றுதான் அடியில் துளை திறப்பார்கள், தாழியின் அடியில் தங்கின தோலே வடிகட்டியாகிவிடும். 2010 முதல் இதற்குத் தனி டிஓசி உண்டு. களிமண்ணும் மெழுகும் மாதிரி ஒரு வாசம் வரும், எல்லோருக்கும் பிடிக்காது.

இன்னொன்று வடக்கு மூலையில், வீஞு வெர்டே பகுதியின் ரெட் ஒயின். பச்சை ஒயின் என்று பெயர், நிறமோ கருஞ்சிவப்பு. வின்யாவ் என்கிற திராட்சை, நாக்கைக் கூசவைக்கிற புளிப்பு, லேசான நுரை. நன்றாகக் குளிர்வித்து, கிளாஸில் இல்லாமல் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். குடிக்கும் முன் கிண்ணத்தை ஒரு சுற்று சுற்றுவார்கள், ஒயின் இறங்கினபிறகும் வெள்ளைச் சுவரில் ஊதாச் சாயம் ஒட்டி நிற்கும். உதட்டிலும் நிற்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.